அண்ணன் அடைத்த பெட்டி

என் அண்ணன் அந்தோணியிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, "கொஞ்சம் துணிமணி அடுக்கி வை" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அவனுக்கு அடுக்கத் தெரியாது. அடைக்கத்தான் தெரியும். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கப்பலில் போகும் பெட்டிகளுக்குள் சரக்கை அடைத்து, ஆடாமல் அசையாமல் கட்டை கொடுத்து, கதவைச் சாத்தி சீல் போடுகிற ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. அவன் பார்வையில் உலகத்தில் இரண்டு விதமான பொருள்தான் உண்டு. ஆடுவது, ஆடாதது.

அண்ணன் மகள் ஷீபாவுக்கு ஒரு தீவில் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தது. இங்கே கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது, அவ்வளவுதான் கதை. அந்தத் தீவின் பெயர் ராயபுரத்தில் அண்ணன் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. 'தீவு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எதிர்வீட்டு லூர்தம்மா, "தீவுன்னா இன்னா, தீவுத்திடல்ல பொருட்காட்சி போடுவாங்களே அங்கியா? அதுக்கு இன்னாத்துக்கு ஹாஸ்டலு? பஸ்ஸுல போய்ட்டு போய்ட்டு வந்துடலாமே" என்று கேட்டாள்.

துணைக்கு ஓர் ஆள் போக வேண்டும். அண்ணனிடம் பாஸ்போர்ட் இல்லை. அண்ணியோ பஸ் மேம்பாலத்தில் ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுகிறவள். மிச்சம் நான். பெயர் பிலோமினா, பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர், அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனிக்குடித்தனம். கல்யாணம் கில்யாணம் என்று எந்தத் தொந்தரவும் கிடையாது. போகாமலே நின்றுபோன ஒரு புனித யாத்திரைக்காக எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மா கிடந்தது. அது சும்மாவே கிடந்திருக்கலாம்.

சனிக்கிழமை அடைப்பு ஆரம்பித்தது. ஷீபாவுக்கு நான் ஆசையாக வாங்கியிருந்த சக்கரம் வைத்த சூட்கேஸை அண்ணன் காலால் லேசாகத் தள்ளினான். அது கூடத்தைத் தாண்டி அடுப்பங்கரை வரைக்கும் ஓடியது.

"பாத்தியா? சரக்கு ஓடலாமா? இத்த நீயே எட்த்துகினு போ" என்று சூட்கேஸை என் தலையில் கட்டிவிட்டு, எங்கிருந்தோ ஒரு டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நடுவீட்டில் இறக்கினான். கனத்த தகடு, மூலைக்கு மூலை பட்டை. வெறும் பெட்டியை நகர்த்தவே எனக்கு மூச்சு வாங்கியது.

முதலில் பெட்டிக்குப் புகை போட வேண்டும் என்றான். கப்பலில் போகும் மரத்துக்குப் பூச்சி பிடிக்காமல் இருக்க மருந்துப் புகை போடுவார்களாம். மருந்தெல்லாம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அண்ணி கத்தியதால் சாம்பிராணியோடு போயிற்று. ஈஸ்டர் பூசையில்கூட நான் அவ்வளவு புகை பார்த்ததில்லை. மாடி வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்துவிட்டார்.

"காத்துக்கு எடம் குட்த்தா காத்துதான் ஊருக்குப் போவும், சரக்கு போவாது" என்று சொல்லிக்கொண்டே அடைக்கத் தொடங்கினான். குக்கருக்குள் மசாலாப் பொட்டலங்கள். பொட்டலங்களுக்கு நடுவே சாக்ஸ். ஷூவுக்குள் கரண்டி. டம்ளருக்குள் டம்ளர், அதற்குள் ஊசி, நூல், பொத்தான். தடித்தடியான புத்தகங்கள் அடியில், போர்வைகள் சுருட்டி நாலு பக்கமும். அப்படியும் மிச்சமிருந்த சந்துகளில் யார்டிலிருந்து கொண்டுவந்த மரக்கட்டைகளை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினான். பெற்ற மகளின் உள்பாவாடைக்கு முட்டுக்கட்டை கொடுத்து அடித்த தகப்பன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். ஷீபா முகத்தை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அண்ணி ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு வந்தாள்.

"அது வராது" என்றான் அண்ணன்.

"இன்னாத்துக்கு வராது? புள்ள அங்க நாக்கு செத்துப்பூடும்யா."

"வாசன வர்ற சரக்கு துணியோட ஒரே பொட்டில போவக் கூடாது. அது ரூலு."

"உன் ரூல இஸ்துகினு போய் கடல்ல போடு" என்று கருவாட்டை அவன் மடியில் எறிந்துவிட்டு அண்ணி போய்விட்டாள். கருவாடு வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீ பாட்டுக்கு அடிச்சி இறக்குற. அங்க போய் இதத் தொறந்தா, ஒரு கர்ச்சீப்பாவது திரும்ப உள்ள போவுமா?"

"போவாது. அது தொறக்கறவன் கவல" என்றவன், சுத்தியலைக் கீழே வைத்தான். குரல் இறங்கிவிட்டது. "பிலோ, ஒண்ணு சொல்றேன் கேளு. இத்தினி வருஷத்துல எம்மாம் பொட்டி அடச்சி அனுப்பிச்சிகீறேன். ஒண்ணயாவது தொறக்கும்போது நான் பாத்ததில்ல. ஒடஞ்சி போனா மட்டும் போன் வரும், எவன்டா அடச்சதுன்னு. ஒயுங்கா வந்து சேந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இது நம்ம புள்ள பொட்டி. நடுவுல ஒருத்தன் கை வெக்காம போய்ச் சேரணும். அங்க தொறக்கறத நீ போன்ல எனக்குக் காட்டணும். அவ்ளோதான்."

"சரிண்ணே, காட்றேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிறகு படாத பாடு படுத்தியது.

கடைசியாக, அண்ணி இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைக் கோட்டு. அதை மட்டும் அடிக்காமல், குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் எல்லாவற்றுக்கும் மேலே விரித்தான். தொறந்த உடனே கையில் கிடைக்க வேண்டுமாம். அப்புறம் மூடியின்மேல் அண்ணியும் ஷீபாவும் நானும் வரிசையாக உட்கார்ந்தோம். கொண்டி சேர்ந்த நேரம் பார்த்து போல்ட் சீலைப் போட்டான். விரல் பருமனுக்கு ஓர் இரும்பு ஆணி, அதை மாட்ட ஒரு குப்பி. உள்ளே போய் 'டக்' என்றால் போனதுதான், பிறகு கழற்ற முடியாது. வெட்டத்தான் வேண்டும்.

"ஒரு பூட்டு போட்டா போதாதா?" என்றாள் அண்ணி.

"பூட்டுன்னா எவன் வேணா சாவி போட்டுத் தொறந்து மூடிடுவான். சீலுன்னா வெட்னா வெட்னதுதான். எவனோ கை வெச்சான்னு தெரிஞ்சிடும்."

வெட்டுவதற்கு நீளக் கைப்பிடி போட்ட பெரிய கட்டர் வேண்டுமே, அது தீவில் யாரிடம் இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ராயபுரத்துக்காரர்களுக்கு அது எப்படித் தோன்றும்? இங்கே தெருவுக்கு நாலு பேர் வீட்டில் கட்டர் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடை பார்க்கக் கிளம்பினோம். காசிமேட்டில் மீன் எடை போடும் தராசு பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். "மீன் தராசா? அது ஆளப் பாத்து எட காட்டும்" என்று அண்ணன் மறுத்துவிட்டான். அவனுடைய தோஸ்து தேசிங்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். அவன் யோசனைப்படி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளை எடை போடும் மேடைக்கு ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனோம். வரிசையில் நின்ற லாரிகளுக்கு நடுவே எங்கள் ஆட்டோவும் முறைப்படி நின்றது.

லாரி நிற்கிற அந்த இரும்பு மேடையின் நடுவில் எங்கள் டிரங்குப் பெட்டியைத் தனியாக வைத்துவிட்டு இறங்கினோம். ரோட்டைப் பார்த்தபடி இருந்த பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் 20 என்று வந்தது.

"பாத்தியா, இருவது கிலோ! பிளேன்ல இருவத்தி மூணு வரிக்கும் வுடுவான்" என்று அண்ணன் துள்ளினான்.

எடை போடுகிறவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யோவ், இது லாரிக்குயா. இருவது இருவதாத்தான் காட்டும். நடுவுல இன்னா கீதுன்னு அதுக்குத் தெரியாது" என்றார்.

ஷீபா மேடையில் ஏறிப் பெட்டிமேல் நின்றாள். 80. பெட்டியை எடுத்துவிட்டு அவள் மட்டும் நின்றாள். 40. ஆக, பெட்டி நாற்பது கிலோ. அண்ணன் முகம் செத்துவிட்டது. "வேற ஆளு ஏத்திப் பாக்கலாம்" என்று, வேண்டாம் வேண்டாம் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்து அண்ணியை மேடையில் நிறுத்தினான். எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கத் தெரிகிற மாதிரி அண்ணியின் தலைக்குமேல் 80 என்று எரிந்தது. வரிசையில் நின்ற டிரைவர்களில் ஒருத்தன், "அக்கா, ஓவர்லோடு! போலீசு புடிக்கும்!" என்று கத்தினான். ஹாரன் அடித்தார்கள். அண்ணி மேடையை விட்டு இறங்கினவள், அதோடு அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அண்ணன் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான். "பொட்டி தனியா நின்னா இருவது. ஆளு ஏறினா நாப்பது. அப்போ ஏறின வெயிட்டு ஆளுங்களோடது. பொட்டி இருவதுதான்." நான் உயிரியல் டீச்சர், கணக்கு டீச்சர் இல்லை. பேசாமல் ஆட்டோவில் ஏறினேன்.

புதன்கிழமை விமான நிலையத்தில் பெட்டி இருபத்தொன்பது கிலோ காட்டியது.

கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "மேடம், பெட்டியத் திறந்து ஆறு கிலோ எடுத்துடுங்க."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அண்ணன் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். ஆறு கிலோ என்பது அவனுக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் விரல் சீலைக் காட்டியது தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் ஆட்டு ஆட்டு என்று ஆட்டினான். பக்கத்தில் நின்ற காவலர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிக்கெட் என்பதால் மொத்த எடை சரியாக வந்தால் போதும் என்று அந்தப் பெண் கடைசியில் இரக்கப்பட்டாள். குறைய வேண்டியது என் சூட்கேஸிலிருந்து. மூன்று சுடிதார், ஒரு பட்டுப்புடவை, குடை, இட்லிப் பொடி, என் நல்ல செருப்பு எல்லாவற்றையும் வாசலில் அண்ணனிடம் கொடுத்தேன். "சீல் கீதுல்ல?" என்றான். எனக்கு மாற்றுத்துணி இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. ஷீபா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். அழுதுகொண்டே, "பொட்டிய தலகீழா வெக்கப்போறானுங்க, சொல்லு" என்றான்.

நடுவில் விமானங்கள், சாப்பாடு என்று அவர்கள் கொடுத்த குளிர்ந்த பன், எல்லாம் இருந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீவில் இறங்கினோம். விமான நிலையம் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனைவிடச் சின்னது, ஆனால் பெருக்கி வைத்திருந்தார்கள். இனிமேல் அந்த ஊர்க்காரர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் சொல்கிறேன்.

சுங்க அதிகாரி ஒரு பெரிய உடம்புக்காரி. என்னை 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டாள். பெட்டியை எக்ஸ்ரே மிஷினுக்குள் அனுப்பினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் அனுப்பினாள். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் பெட்டி முழுக்க ஒரே கட்டியாக, ஊசி போக இடமில்லாமல் இருந்தது.

"கண்ணு, இதை யார் அடைச்சது?"

"என் அண்ணன்."

"உன்மேல ஏதாவது கோபமா அவருக்கு?"

திறக்கத்தான் வேண்டும் என்றாள். திற, என்றேன். சீலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமான நிலையத்தில் கட்டர் கிடையாது. துறைமுகத்தில் இருக்கிறது, ஆனால் கட்டர்காரர் டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமை மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுவார். இனி திங்கள்கிழமை காலைதான். அதுவரை பெட்டி துறைமுகக் கொட்டகையில் இருக்கும். வேண்டுமானால் ரம்பம் வைத்துப் பக்கத்துத் தகட்டை அறுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

ஷீபா என்னை முறைத்தாள். நியாயம்தான். அவளுடைய கைப்பையில் இருந்தது சர்ட்டிபிகேட்டுகளும் ஸ்டெதஸ்கோப்பும் ஒரு பல் துலக்கும் பிரஷும்தான். திங்கள்கிழமை பதினோரு மணிக்குக் கல்லூரியில் வெள்ளைக் கோட்டு போட்டுவிடும் விழா. கோட்டை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். கோட்டு பெட்டியில்.

சனிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு எங்களுக்கு ஒரு கடையைக் காட்டினார்கள். உப்புப் போட்டுக் காயவைத்த மீனை ஊறவைத்து, வெங்காயம் தக்காளியோடு வதக்கி, எண்ணெயில் பொரித்த ரொட்டியோடு கொடுத்தார்கள். ஷீபா இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் அண்ணிக்குப் போன் போட்டு, "அண்ணி, இந்த ஊர்ல காலம்பற டிபனே கருவாடுதான்" என்றேன். அண்ணி போனைக் கட்டிலில் போட்ட சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில், "யோவ்! இங்க வாய்யா! ரூலு பேசினியே, ரூலு!" என்று கேட்டது. சண்டையாக இருந்தாலும் பேச ஆரம்பித்துவிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

துணி வாங்கலாம் என்று வேனில் ஏறினோம். அங்கே பஸ் என்றால் வேன்தான். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் என் பல் ஆடியது. ஏறுகிற ஒவ்வொருத்தரும் உள்ளே இருப்பவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "இன்னாம்மே, ஓட்டு கேக்க வந்தியா?" என்பார்கள். டிரைவர் நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குடித்து, பேசி, சிரித்து, வழுக்கையையும் தோண்டித் தின்றுவிட்டு வருவதற்குள் துணிக்கடைகளைச் சாத்திவிட்டார்கள். அங்கே சனிக்கிழமை மத்தியானத்தோடு கடை முடிகிறது, திறப்பது திங்கள்கிழமைதான்.

திறந்திருந்தது டூரிஸ்டுகளுக்கான ஒரே ஒரு கடை. அதில் ஷீபாவின் அளவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பனியன். அதன்மேல் ஓர் ஆமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் கிளாஸோடு மல்லாந்து படுத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று சாயங்காலம் அவள் புது மாணவர்களுக்கான விருந்துக்குப் போனாள். கீழே என் சுடிதார் பேன்ட், இடுப்பில் சேப்டி பின். பேராசிரியர் ஒருவர் ஆமையைப் பார்த்துவிட்டு அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

அண்ணனின் போன் தினமும் வந்தது. "சீல் கீதா?" அதுதான் முதல் கேள்வி. அதுதான் கடைசிக் கேள்வியும்.

"கொட்டாய்ல கீதுண்ணே. பூட்டி வெச்சிகீறாங்க."

"கொட்டாய்ல ஒயுகுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் இன்னா கொட்டாய் மேலயா குந்திகினு கீறேன்?"

"கோச்சிக்காதம்மே" என்றான். அவன் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டு பாடினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஆமை பனியனோடு நின்ற ஷீபா பாடவில்லை. வெளியே வந்ததும் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்த, நான் உன்கூடவே திரும்பி வந்துடறேன்."

"இன்னாடி சொல்ற?"

"ரூம்ல மத்த பொண்ணுங்க எல்லாம் பெட்டியத் தொறந்து, அவங்கவங்க பெட்ஷீட் போட்டு, போட்டோ ஒட்டி, வூடு மாதிரி வெச்சிகீறாங்க. என் கட்டில் வெறுங்கட்டில். எனக்கு இங்க வந்த மாதிரியே இல்ல அத்த. நாளைக்கு அந்தப் பெட்டி ஒடைஞ்சோ கொட்டியோ கெடந்துச்சுன்னா, அப்பா மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன்? வேணாம். போய்டலாம்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள் நான், அவள் பக்கத்தில் நானே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சனியன் பிடித்த பெட்டிக்கு ரம்பம் வைக்கட்டுமா என்று சுங்க அதிகாரி கேட்டபோதே தலையாட்டியிருக்கலாம். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப்போய் அவன் பெண்ணின் படிப்பையே கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். "நாளைக்குப் பொட்டியத் தொறக்கற வரிக்கும் இரு. அப்பால பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கள்கிழமை எட்டு மணிக்குத் துறைமுகக் கொட்டகை. நம் துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொம்மை. ஒரே ஒரு கிரேன், அதன்மேல் ஒரு பறவை. சுங்க அதிகாரியம்மா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். டெஸ்மண்ட் கட்டரைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். நரைத்த தாடி, ரப்பர் பூட்ஸ். என்னோடு பேசவில்லை. நேராகப் பெட்டியிடம் போய்க் குனிந்து சீலைப் பார்த்தார். பிடித்து இழுத்தார். முறுக்கினார். அதில் பொறித்திருந்த நம்பரை வாய்க்குள் படித்தார். அப்படியே என் அண்ணன். யார்டில் அவன் சீலை இப்படித்தான் பார்த்து, இழுத்து, முறுக்குவான்.

வீடியோ கால் போட்டேன். நம் ஊரில் சாயங்காலம். அண்ணன் வேலைச் சட்டையோடு யார்டில் நின்றான். அவனுக்குப் பின்னால் ஆட்கள் கும்பலாக எட்டிப் பார்த்தார்கள். தேசிங்கும் இருந்தான்.

"வெட்டச் சொல்லட்டுமாண்ணே?"

"நம்பர படிக்கச் சொல்லு மொதல்ல."

டெஸ்மண்ட் படித்தார். அண்ணன் தலையாட்டினான். 'டக்.'

மூடி திறந்தது. மேலே வெள்ளைக் கோட்டு. ஒரு மடிப்பு கலையவில்லை, ஒரு சுருக்கம் இல்லை. அண்ணி விட்ட இஸ்திரிக் கோடு அப்படியே இருந்தது. ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டை எடுத்ததும் உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. அதிகாரியம்மா கட்டைகளைப் பார்த்துவிட்டு, புகை போடாத மரம் தீவுக்குள் வரக் கூடாது என்று ஆரம்பித்தாள்.

"கட்டையத் திருப்பச் சொல்லு! முத்திர கீது பாரு!" என்று அண்ணன் போனிலிருந்து கத்தினான். திருப்பினார்கள். மருந்துப் புகை போட்ட முத்திரை ஒவ்வொரு கட்டையிலும் இருந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

டெஸ்மண்ட் குக்கரைத் திறந்தார், மசாலாவைப் பார்த்தார். ஷூவைத் தூக்கினார், கரண்டி வந்தது. டம்ளரைத் தூக்கினார், பொத்தான் வந்தது. ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் கொட்டவில்லை. சிரித்துக்கொண்டே மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதை அடைச்சது நீதானா? இத்தனை காலமா பெட்டி பெட்டியா திறக்கிறேன். அடைச்சவன் முகத்தை ஒருதடவைகூட பார்த்ததில்ல. நல்லா அடைச்சிருக்கே. ரொம்ப நல்லா வந்து சேர்ந்துது."

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் முகத்தைத் திருப்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "இன்னாடா வேடிக்க, போய் வேலையப் பாருங்கடா" என்று அதட்டினான். யாரும் போகவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தாள கேளு, மத்த ஊர்லேந்து வர்ற பொட்டி எல்லாம் எப்பிடி கீதுன்னு" என்றான். அவ்வளவுதான். டெஸ்மண்ட் அவர் புலம்பலை இங்கிலீஷில் புலம்ப, அண்ணன் மெட்ராஸ் பாஷையில் திட்ட, நடுவில் நான் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வாய் வலித்து நிறுத்திவிட்டேன். அப்புறமும் இரண்டு பேரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஷீபா கோட்டைப் போட்டுக்கொண்டாள். உடுப்பு மாற்ற நேரமில்லாததால் உள்ளே ஆமையேதான். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். போட்டோவில் ஆமை தெரியவில்லை. திரும்பி வருகிறேன் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவள் கட்டிலில் அவளுடைய பெட்ஷீட் விரித்திருந்தது.

நான் கிளம்பும் நாளில் ஒரு சின்ன ஏற்பாடு. காலி டிரங்குப் பெட்டி அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் என் சக்கர சூட்கேஸ் ஷீபாவுக்கு, டிரங்கு எனக்கு. "காலிப் பொட்டி திரும்பி வந்துடணும், அதான் முறை" என்று அண்ணனும் சொல்லியிருந்தான். ஸ்டாஃப் ரூமுக்கு ஜாதிக்காய் வாங்க நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், என் சாமான்களை அவளே பெட்டியில் அடைத்துவிட்டாள். ஓடி வந்து ஜாதிக்காயைக் கைப்பையில் திணிக்கும்போது பார்க்கிறேன், கொண்டியில் நீல நிறத்தில் ஒரு போல்ட் சீல். டெஸ்மண்ட் கொடுத்தாராம்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற!"

"ரூலு அத்த" என்றாள். அப்பன் மாதிரியே சிரித்தாள். கட்டிக்கொண்டோம். நான் ரொம்ப அழுதேன். கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

வழியில் எந்த விமான நிலையத்திலும் யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. எங்கேயாவது ஒருத்தர் கேட்க மாட்டாரா என்று நான்தான் ஏங்கிக்கொண்டு வந்தேன். ஏனென்றால் நடுவானத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. என் வீட்டுச் சாவியைச் சூட்கேஸின் பக்கவாட்டுப் பையில் வைத்திருந்தேன். சூட்கேஸில் இருந்ததையெல்லாம் அவள் பெட்டிக்கு மாற்றிவிட்டாள்.

சென்னையில் அண்ணன் கட்டரோடு வந்து நின்றான். விமான நிலையத்துக்குக் கட்டரைக் கொண்டுவந்ததற்காகக் காவலர் அவனை ஓரமாக உட்கார வைத்திருந்தார். அவனை மீட்டுக்கொண்டு ராயபுரம் வந்து சேர்ந்தோம். நடுவீட்டில் பெட்டி. அண்ணி, தேசிங்கு, லூர்தம்மா எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஷீபா போனில் இருந்தாள்.

அண்ணன் குனிந்து சீலைப் பார்த்தான். இழுத்தான். முறுக்கினான்.

"ப்பா, அடைப்பு எப்பிடி கீதுன்னு ஆட்டிப் பாருப்பா" என்றாள் ஷீபா.

ஒரு பக்கத்தைத் தூக்கி நன்றாக உலுக்கினான். உள்ளே ஒரு சத்தம் இல்லை. மறு பக்கத்தையும் தூக்கி உலுக்கினான். ஒன்றும் ஆடவில்லை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வெட்டுண்ணே" என்றேன்.

"வெட்ட மாட்டேன். புள்ள அடச்ச பொட்டி. அவளே வந்து தொறக்கட்டும்."

"அவ வர்றதுக்கு எத்தினி மாசம் ஆவும்! என் துணி எல்லாம் உள்ள கீது. என் வூட்டு சாவி உள்ள கீதுண்ணே!"

பெட்டியை மெதுவாகக் கட்டிலுக்கடியில் தள்ளினான். கட்டரை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டான். "வா" என்று அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்து, வாசல் பூட்டை 'டக்' என்று வெட்டினான்.